பத்து நிமிடத்தில் பிடிபடாத குழந்தை

குழந்தை நலம்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைநல மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு – மிகைத் துறுதுறுப்புக் கோளாறு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, எடுத்த எடுப்பில் பெருநகரத்து நிபுணரைத் தேடி ஓட வேண்டாம், உங்கள் ஊர்க் குழந்தைநல மருத்துவரிடமே முதலில் காட்டுங்கள் என்று எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெவ்வேறு சொற்களில் ஒன்றையே கேட்டன: அந்த மருத்துவருக்கு இதைக் கண்டறியத் தெரியுமா? நியாயமான கேள்வி என்பதால் இந்த இதழை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வகுப்பில் உட்காருவதில்லை, வீட்டுப்பாடம் எழுதவைக்க மூன்று மணி நேரம் ஆகிறது, சாப்பாட்டில்கூடப் பாதியில் எழுந்து ஓடுகிறான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று என் மாமியார் சொல்லுவார். போன வருடம் குழந்தைநல மருத்துவரிடம் காட்டியபோது அவர் முன்னால் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தான். “நன்றாகத்தானே இருக்கிறான், வளர வளரச் சரியாகிவிடும்” என்று அனுப்பிவிட்டார். இந்த வருடம் வேறொரு மருத்துவர் ஏ.டி.எச்.டி. என்கிறார். ஒரு வருடம் வீணாகிவிட்டதே, குழந்தைநல மருத்துவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்பதில்லையா?
— ஒரு தாய், தென்காசி

பதில்: உங்கள் மகனை முதலில் பார்த்த மருத்துவர் செய்த தவற்றை நானும் செய்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாய் அழைத்து வந்தார். என் ஸ்டெதாஸ்கோப்பை அவன் கையில் கொடுத்தேன். பத்து நிமிடமும் அதைக் காதில் மாட்டித் தன் நெஞ்சையே கேட்டுக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தான். நீங்கள்தான் அதிகமாகக் கவலைப்படுகிறீர்கள் என்று அந்தத் தாயிடம் சொல்லி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து அவர் பையனின் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் இரண்டு கணக்குகள் முத்து முத்தான எழுத்தில் இருந்தன. மூன்றாவதில் கூட்டல் கழித்தலாக மாறியிருந்தது. நான்காவது பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓட்டையாகியிருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. அந்த நோட்டில் இருந்தது என் பத்து நிமிடப் பார்வையில் படவேயில்லை.

இதற்குக் காரணம் உண்டு. புதிய இடத்தில், தன்னை மட்டும் கவனிக்கும் ஒரு பெரியவர் எதிரே இருக்கும்போது, அல்லது கையில் ஆர்வமூட்டும் பொருள் இருக்கும்போது, இக்கோளாறின் அறிகுறிகள் வெளிப்படாமலே போகலாம் என்று நோயறிதலுக்கு நாங்கள் கையாளும் டி.எஸ்.எம்.-5 கையேடே எச்சரிக்கிறது. மருத்துவரின் அறையில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. அதனால்தான் அக்கையேடு, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும், படிப்பையோ பழக்கத்தையோ உண்மையிலேயே பாதித்திருக்க வேண்டும் என்கிறது. இவற்றுள் ஒன்றைக்கூட மருத்துவர் தம் நாற்காலியில் அமர்ந்தபடி கண்ணால் பார்த்துவிட முடியாது. பிறர் சொல்லக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

கற்றுக்கொடுக்கிறார்களா என்று கேட்டீர்கள். பாடம் இருக்கிறது, பழக்கம்தான் போதவில்லை. குழந்தைநல மருத்துவம் பயில்பவர் தம் நாள்களில் பெரும்பகுதியை வார்டில் கழிக்கிறார். வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தை, நிமோனியாவில் மூச்சிரைக்கும் குழந்தை, வலிப்பு வந்த குழந்தை என நூற்றுக்கணக்கானவர்களைக் கையால் தொட்டுப் பார்த்துக் கற்கிறார். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தையை யாரும் வார்டில் சேர்ப்பதில்லை. எனவே அதைப் பற்றித் தேர்வில் ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவராகவும், எதிரே வந்து உட்காரும்போது அடையாளம் காணத் தெரியாதவராகவும் ஒருவர் வெளியே வந்துவிட முடிகிறது. உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் கணக்கிட்டபோது பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5.29 சதவீதம் பேருக்கு இக்கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. கோவை மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வோ 11.32 சதவீதம் என்றது. கணக்கெடுக்கும் முறைக்கேற்ப எண் மாறும். குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர். இவ்வளவு பரவலான ஒன்றை எல்லாக் குழந்தைநல மருத்துவர்களும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மகனுக்கு எட்டு வயதுதான் ஆகிறது. போன வருடத்தை நினைத்து வருந்த வேண்டாம். இப்போது உதவி தொடங்கினாலும் நல்ல பலன் கிடைக்கும் வயதில்தான் அவன் இருக்கிறான்.

கேள்வி: நான் குழந்தைநல மருத்துவம் முடித்து மூன்று ஆண்டுகளாகத் தனியே கிளினிக் நடத்துகிறேன். மாலையில் மட்டும் ஐம்பது குழந்தைகள் வருகிறார்கள். ஏ.டி.எச்.டி. பற்றி இரண்டு தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களுக்குப் போய்வந்தேன். குறிப்பெடுத்தேன், சான்றிதழும் வாங்கினேன். ஆனாலும் ஒரு குழந்தை வந்தால் கை தயங்குகிறது, சென்னைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். உண்மையில் இதை எப்படிக் கற்பது?
— ஓர் இளம் மருத்துவர், திண்டுக்கல்

பதில்: வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி, டாக்டர். இந்தப் பக்கத்தில் வெளிவரும் மிகப் பயனுள்ள கடிதங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

ஒரு நாள் உரையைக் கேட்பதால் அறிவு கூடும், ஆனால் கிளினிக்கில் நடக்கும் நடைமுறை மாறாது. இதற்கு அமெரிக்காவிலிருந்து தெளிவான சான்று இருக்கிறது. அங்கே குழந்தைநல மருத்துவக் கழகம் நோயறிதலுக்கு 2000-இலும் சிகிச்சைக்கு 2001-இலும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2011-இலும் 2019-இலும் திருத்தியது. வழிகாட்டுதல் எல்லோர் கையிலும் இருந்தது. ஆயினும் 50 கிளினிக்குகளில் 188 மருத்துவர்கள் பார்த்த 1,594 குழந்தைகளின் பதிவேடுகளை ஆய்வாளர்கள் புரட்டி 2014-இல் வெளியிட்ட முடிவு கவலைக்குரியதாக இருந்தது. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் மதிப்பீட்டுப் படிவம் வாங்கப்பட்டது ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளுக்குத்தான். நோய் உறுதி செய்யப்பட்டவர்களில் 93.4 சதவீதம் பேர் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடத்தைப் பயிற்சி போன்ற பிற சிகிச்சை பெற்றவர்கள் 13 சதவீதம் மட்டுமே. மருந்து எழுதிக் கொடுத்த முதல் மாதத்துக்குள் மருத்துவருடன் மீண்டும் தொடர்பு கொண்ட குழந்தைகள் 47.4 சதவீதம். வசதிக்குக் குறைவில்லாத நாட்டிலேயே இந்த நிலை என்றால், குறை மருத்துவரின் அறிவில் இல்லை. கற்றதைக் கிளினிக்கின் அன்றாட வேலைக்குள் கொண்டுவரும் ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

எனவே நல்ல பயிற்சி எது என்றால், உங்கள் சொந்த நோயாளிகளை வைத்து, பல மாதங்களுக்கு, கூட ஒருவர் துணையிருக்க நடப்பது. மனநல மருத்துவர் பீட்டர் ஜென்சன் 2006-இல் நியூயார்க்கில் தொடங்கிய ரீச் நிறுவனம் குழந்தைநல மருத்துவர்களுக்கு நடத்தும் பயிற்சி இப்படித்தான் அமைந்திருக்கிறது. முதலில் மூன்று நாள் நேரடி வகுப்பு. அதில் உரைகளைவிட ஒத்திகை அதிகம். ஒருவர் தாயாகவும் ஒருவர் மருத்துவராகவும் நடித்துப் பார்க்கிறார்கள். பிறகு ஆறு மாதங்களுக்கு, மாதம் இருமுறை, சிறு குழுவாகத் தொலைபேசியில் கூடி, அவரவர் பார்த்த குழந்தையைப் பற்றிச் சொல்லி ஆலோசனை கேட்கிறார்கள். இந்த ஆறு மாதம்தான் உயிர்நாடி. வகுப்பு முடிந்த மூன்றாவது வாரத்தில், படிவத்தில் ஆசிரியர் ஒன்று சொல்ல அப்பா வேறொன்று சொல்லும்போது யாரைக் கேட்பது என்ற நிலை வரும். அப்போது கேட்க ஆள் இல்லாவிட்டால் கற்றது கைவிட்டுப் போய்விடும். கல்லீரல் அழற்சிக்காக டாக்டர் சஞ்சீவ் அரோரா நியூ மெக்சிகோவில் 2003-இல் தொடங்கிய எக்கோ முறையும், கிராமத்து மருத்துவரை நிபுணருடன் காணொளியில் இணைத்து நோயாளியை முன்வைத்தே கற்பிக்கும் ஏற்பாடுதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் அம்முறையைக் கையாண்டு வருகிறது. உங்கள் மாவட்டத்தில் நான்கைந்து குழந்தைநல மருத்துவர்கள் சேர்ந்து, மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர் ஒருவரை மாதம் இருமுறை ஒரு மணி நேரம் கேட்டுப் பெற்றால், இதையே நீங்களும் செய்யலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

நம் நாட்டுக்கான அடிப்படைகளும் தயாராகவே உள்ளன. இந்தியக் குழந்தைநல மருத்துவக் கழகம் இக்கோளாறின் மதிப்பீடு, சிகிச்சை பற்றிய தன் ஒருமித்த கருத்தறிக்கையை 2017-இல் வெளியிட்டது. இந்தியக் குழந்தைகளுக்கெனவே உருவாக்கிச் சரிபார்க்கப்பட்ட இன்கிளென் என்ற நோயறிதல் கேள்வித்தொகுப்பும் இருக்கிறது. இரண்டையும் முழுமையாகப் படித்துவிடுங்கள்.

ஐம்பது குழந்தைகள் காத்திருக்கும் மாலையில் இதற்கு நேரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். ஒரே அமர்வில் முடிக்க முயல்வதுதான் பிழை. மூன்று வருகைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வருகையில், அம்மா சொல்வதைக் குறுக்கிடாமல் ஐந்து நிமிடம் கேட்டு, படிவங்களைக் கொடுத்து, கணக்கு நோட்டையும் தமிழ் நோட்டையும் அடுத்த முறை கொண்டுவரச் சொல்லி, பார்வைக்கும் செவித்திறனுக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் போதும். காது சரியாகக் கேட்காத குழந்தையும் கரும்பலகை தெரியாத குழந்தையும் ‘கவனிக்காதவன்’ என்ற பெயரோடுதான் நம்மிடம் வருகிறார்கள். இரண்டாவது வருகைக்கு, மாலை நெரிசலைத் தவிர்த்து முற்பகலில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குறட்டை விட்டு வாயால் மூச்சு விடுகிறானா, இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், ரத்தசோகை இருக்கிறதா, நடுவில் சில நொடிகள் வெறித்துப் பார்த்து உறைந்து நிற்கிறானா என்று கேட்க வேண்டிய வருகை அது. சில நொடிகள் உறையும் அந்த வலிப்பை வகுப்பில் பகல்கனவு என்றுதான் நினைப்பார்கள். வீட்டில் அடிதடி, குடி, சமீபத்திய இழப்பு ஏதாவது உண்டா என்பதை அம்மாவைத் தனியே வைத்துக் கேளுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லியும் பாருங்கள், ஏனென்றால் கற்றல் குறைபாடு ஏ.டி.எச்.டி.யோடு சேர்ந்தும் வரும், ஏ.டி.எச்.டி. போலவே தோற்றமளித்தும் ஏமாற்றும். மூன்றாவது வருகை, முடிவைச் சொல்வதற்கு.

சொல்வதையும் பயிற்சி செய்தே தீர வேண்டும். “உங்கள் பையனுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது” என்ற ஒரே வாக்கியத்தோடு நிறுத்தினால், ஒரு தாயின் காதில் ‘நீ வளர்த்த லட்சணம் இது’ என்றுதான் விழும். இது வளர்ப்பின் குறையன்று, மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது, அவன் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை அவரே திருப்பிச் சொல்லும்வரை பொறுமையாக விளக்குங்கள். அப்பாவும் உடனிருக்கட்டும். எவரைச் சென்னைக்கு அனுப்புவது என்ற தயக்கமும் இதில் தெளியும்: தற்கொலை எண்ணம், கடுமையான மனச்சோர்வு, ஆட்டிசம், அடங்காத வலிப்பு, முறையாகக் கொடுத்த மருந்துக்கும் பலனில்லாமை ஆகியவை இருந்தால் அனுப்புங்கள். மற்றக் குழந்தைகளை நீங்களே பார்க்கலாம், நீங்கள்தான் பார்க்கவும் வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு மாதாமாதம் போய்வரக்கூடிய குடும்பங்கள் எத்தனை இருக்கும்?

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒரு மாணவனின் அம்மா, மருத்துவர் கொடுத்ததாக ஒரு நீளமான படிவத்தைக் கொண்டுவந்தார். நான் எழுதுவதை வைத்து அவனுக்கு மருந்து கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நிரப்பித் தரலாமா?
— ஓர் ஆசிரியை, கும்பகோணம்

பதில்: தயங்காமல் நிரப்பிக் கொடுங்கள், டீச்சர். அது வேண்டர்பில்ட் படிவமாக இருக்கலாம். அதில் ஆசிரியருக்கான பகுதியில் 43 கேள்விகள், பெற்றோருக்கானதில் 55 கேள்விகள். ஒவ்வொரு நடத்தையும் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்று, ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து மிக அடிக்கடி என்பதுவரை நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். கவனக்குறைவுக்கான ஒன்பது கேள்விகளில் குறைந்தது ஆறுக்கு, அல்லது துறுதுறுப்புக்கான ஒன்பதில் குறைந்தது ஆறுக்கு, ‘அடிக்கடி’ அல்லது ‘மிக அடிக்கடி’ என்று குறித்திருந்தால் மருத்துவர் மேற்கொண்டு ஆராய்வார். படிவம் நோயைத் தீர்மானிப்பதில்லை. நீங்கள் சாட்சி, தீர்ப்பு எழுதும் பொறுப்பு மருத்துவருடையது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்கும்போது, இந்தப் படிவத்தை ஆசிரியருக்கு ஒரு விளக்கக் குறிப்போடு அனுப்ப வேண்டும் என்பதையும் நான் கற்பிப்பதுண்டு. உங்களுக்கு ஒரு வரி எழுதாமல் அனுப்பியது மருத்துவர் தரப்பின் குறை. படிவத்தின் பின்பக்கத்தில் உங்கள் சொற்களிலேயே நான்கு வரி எழுதுங்கள். “காலை முதல் பாடவேளையில் பரவாயில்லை, மதியத்துக்கு மேல் பென்சிலைச் சீவுவதாகச் சொல்லி ஏழெட்டு முறை எழுகிறான்” என்பது போன்ற ஒரு வரி எங்களுக்குப் பத்துக் கேள்விகளின் விடைக்குச் சமம். சிகிச்சை தொடங்கிய பிறகும் இதே படிவம் மறுபடி உங்களிடம் வர வேண்டும். வராவிட்டால் அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் ஒன்பது வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி.க்காக மெதில்ஃபெனிடேட் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். புதிதாக வந்த மருந்தாமே, பழக்கமாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கவும் இல்லை.
— ஒரு தந்தை, சிவகங்கை

பதில்: அது புதிய மருந்தன்று. 1944-இல் சுவிட்சர்லாந்தில் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. குழந்தைகளுக்கான மருந்துகளில் மிக அதிகமாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால், நீங்கள் அஞ்சும் விதத்தில் குழந்தைகள் அதற்கு அடிமையாவதில்லை. ஆயினும் தவறாகப் பயன்படுத்தப்படக்கூடிய வகையைச் சேர்ந்தது என்பதால், இந்தியாவில் அது அட்டவணை எக்ஸ் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. தனி உரிமம் பெற்ற கடைகளில் மட்டுமே கிடைக்கும். மருந்துச்சீட்டு இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருப்பார். எந்தக் கடையில் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்; அதைச் சொல்வதும் அவர் கடமைதான்.

மாத்திரையைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்: அடுத்து எப்போது வரட்டும்? இதை நான் வலியுறுத்தக் காரணம் எம்.டி.ஏ. என்ற ஆய்வு. 1999-இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில் 7 முதல் 9 வயது வரையுள்ள 579 குழந்தைகள் 14 மாதம் சிகிச்சை பெற்றார்கள். ஒரு பிரிவினருக்கு ஆய்வுக் குழுவினரே மருந்து கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினர் தத்தம் ஊர் மருத்துவரிடம் வழக்கமான சிகிச்சை பெற்றார்கள். அந்த வழக்கமான பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் மருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆயினும் ஆய்வுக் குழுவின் கவனிப்பில் இருந்தவர்களே தெளிவாக முன்னேறினார்கள். அங்கே அளவைப் படிப்படியாகச் சரிபார்த்து நிர்ணயித்தார்கள், மாதம் ஒருமுறை அரை மணி நேரம் பார்த்தார்கள், ஆசிரியரிடம் கேட்டு அளவை மாற்றினார்கள். மருந்து கொடுத்த முறைதான் அந்த வேறுபாட்டை உண்டாக்கியது. மூன்று ஆண்டு முடிவில் பிரிவுகளுக்கிடையிலான அந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தீவிரக் கவனிப்பு 14 மாதத்தோடு நின்றதும் அதற்கொரு காரணமாகக் கருதப்படுகிறது.

ஆகவே, சிறு அளவில் தொடங்கி, முதல் மாதத்துக்குள் மறுபடி பார்த்து, ஒவ்வொரு முறையும் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் குறித்துக்கொள்ளும் மருத்துவரிடம் தொடருங்கள். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். காலைச் சாப்பாட்டை நிறைவாகக் கொடுத்த பிறகு மாத்திரை கொடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் இதயநோயோ திடீர் மரணமோ நேர்ந்திருந்தால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாத்திரையோடு, பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியும் சேர வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் அந்தப் பயிற்சியே முதல் சிகிச்சை.

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு. சத்தமே போட மாட்டாள். ஆனால் எதையும் மறந்துவிடுகிறாள், ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று டீச்சர் சொல்கிறார். மருத்துவர், பெண் பிள்ளைகளுக்கு அதெல்லாம் வராது என்கிறார்.
— ஒரு தாய், ராணிப்பேட்டை

பதில்: வரும். துறுதுறுப்பே இல்லாமல் கவனக்குறைவு மட்டுமே உள்ள வகை இருக்கிறது. பெண் குழந்தைகளில் அது அதிகம் தவறவிடப்படுகிறது, ஏனெனில் அவர்களால் வகுப்புக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. நீங்கள் அதே மருத்துவரிடம் இன்னொரு முறை போங்கள். இந்த முறை ஆசிரியையிடம் நான்கு வரி எழுதி வாங்கிக்கொண்டு, மகளின் நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். அப்போதும் மறுத்தால் இன்னொரு வழி உண்டு: 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்க வேண்டிய 30 நிலைகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. பள்ளிக்கு வரும் அத்திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் சொல்லி, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். அங்கே கட்டணம் இல்லை. போகும்போது நோட்டுகளை மறக்காதீர்கள்.